பண்டிகைக் காலத்தில் விபத்து நேராதிருக்க

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறத்தே, வஸ்கமுவக் காட்டை அடுத்துள்ள வில்கமுவப் பகுதியில் நெல்லும் மரக்கறியும் பயிரிட்டு வாழும் கமக்காரருக்காக இப்பாடம் எழுதப்படுகின்றது. விதைநெல்லைப் பற்றியும், பசளையைப் பற்றியும், பூச்சிபுழுக்களைப் பற்றியும் பல பிரசுரங்களை நீங்கள் வாசித்திருப்பீர்கள். பண்டிகைக்கும் கமத்தொழிலுக்கும் யாது தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். நாற்றைப் பிடுங்குவதும் அரிவாளைப் பிடிப்பதும் கைகளே. அக்கைகளுள் ஒன்று புத்தாண்டு நாளிற் பழுதுபட்டால், அடுத்த சிறுபோகத்தை மட்டுமன்றி அதற்குப் பின் வரும் போகங்கள் அனைத்தையும் அக்குடும்பம் ஒரு கை குறைந்தே செய்ய வேண்டியிருக்கும்.

நம்முடைய பருவங்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விதைத்த பெரும்போக நெல்லை மாசி, பங்குனியில் அறுத்து, சூடடித்து, வீட்டிற் சேர்த்துவிடுகின்றோம். கையிலே பணம் புழங்குகின்றது. சித்திரைப் புத்தாண்டு ஏப்ரல் நடுப்பகுதியில் வருகின்றது. அதைத் தொடர்ந்து சிறுபோகத்துக்கு நிலம் பண்படுத்தும் வேலை ஆரம்பமாகின்றது. ஆகவே, மிஞ்சிய யானை வெடியும், தெளித்து மீந்த மருந்தும், உழவு இயந்திரமும், நீரிறைக்கும் இயந்திரமும் ஒருங்கே வீட்டு வளவில் நிற்கும் காலத்திலேதான் உறவினரும் பிள்ளைகளும் வந்து கூடுகின்றனர். பட்டணத்திலிருந்து வரும் பிள்ளைக்கு எது விளையாட்டுப் பொருள், எது ஆபத்தான பொருள் என்பது தெரியாது. இவ்வூர்ப் பண்டிகை விபத்துகளுள் அனேகமானவற்றுக்கு மூலகாரணம் இதுவே என்பது என் எண்ணம்.

யானை வெடி

வஸ்கமுவ தேசிய பூங்கா 1984ஆம் ஆண்டிலே பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் மேற்கே அம்பன் கங்கையும் கிழக்கே மகாவலி கங்கையும் ஓடுகின்றன. ஆயின் யானைக்கு எல்லைக்கல் தெரியாது. நெற்கதிர் முற்றும் காலத்தில் அது வயலை நாடி வருகின்றது. அதனை விரட்டுதற்கென வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தார் கமக்காரருக்கு யானை வெடிகளை வழங்குகின்றனர். பண்டிகைக்கு வாங்கும் சீனவெடியோடு இதனை ஒப்பிடலாகாது. பெருமிருகத்தை அஞ்சி ஓடச் செய்வதற்கென ஆக்கப்பட்ட பொருள், ஒரு சிறுவனின் கைக்குள் வெடித்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் கடமையாற்றிய கிராமம் ஒன்றில் நிகழ்ந்ததை மட்டும் கூறுகின்றேன். புத்தாண்டு பிறக்கும் சுபநேரத்தில் ஊரெங்கும் வெடியோசை கேட்டது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனும் தன் பங்குக்கு ஒரு வெடி கொளுத்த விரும்பி, தந்தையார் விதைநெல் மூடைக்குப் பின்னால் வைத்திருந்த யானை வெடிகளுள் ஒன்றை எடுத்துச் சென்றான். திரியிற் பற்றவைத்த நெருப்பு அணைந்தது போலத் தோன்றிற்று. அதை ஊதிப் பார்ப்பதற்காக முகத்தருகே கொண்டு போகையில் வெடித்தது. கண் தப்பியது தெய்வச் செயலே. வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் போயின. அவனுடைய தந்தையார் கவலையீனர் அல்லர். பெரும்போகம் முழுவதும் காவற்பரணிலே நித்திரை விழித்துப் பயிர் காத்தவர். மிஞ்சிய வெடிகள் எத்தனை என்று எண்ணி வைக்கவில்லை என்பதே அவரிடத்திருந்த ஒரே குறை. எண்ணி வைத்திருந்தால் ஒன்று குறைந்ததை அன்று காலையிலேயே அறிந்திருப்பார்.

ஆகவே, வெடிகளை ஒரு தகரப் பெட்டியிலிட்டுப் பூட்டுங்கள். பெட்டி மூடியின் உட்புறத்திலே எண்ணிக்கையைச் சுண்ணக்கட்டியால் எழுதி வையுங்கள். ஒன்றை எடுக்குந்தோறும் அழித்து எழுதுங்கள். திறப்பு வீட்டுத் தலைவரிடத்திலேயே இருக்கட்டும். அடுப்புக்கு மேலே புகை படும் பரணில் வைக்கலாகாது. ஈரம் பட்ட வெடியை வெயிலிலோ அடுப்படியிலோ காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாகாது. அறுவடை முடிந்தபின் வெடியை வீட்டில் வைத்திருக்க வேண்டிய தேவை இல்லையாயின், வழங்கிய அலுவலகத்தாரிடமே ஒப்படைத்துவிடுதல் நன்று.

கொளுத்திய பின் வெடியாத வெடியை ஒருவரும் அணுகாதிருக்க வேண்டும். அரைமணி நேரமேனும் கழிந்த பின்னர், நீண்ட கம்பொன்றின் நுனியிற் கட்டிய பாத்திரத்தால் தூரநின்று நீர் ஊற்றி நன்றாக நனைத்துவிடுக. இரண்டாந்தரம் திரி கொளுத்துவோர் தம் கையைப் பந்தயம் வைப்போரே ஆவர். மது அருந்தியவரிடம் யானை வெடியைக் கொடுப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டவரிடம் கோடரியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கடையில் வாங்கும் பட்டாசுக்கும் விதி ஒன்றுண்டு: வெடிகளைக் கொளுத்தும் இடத்துக்கும் வைக்கும் இடத்துக்கும் இடையே நல்ல தூரம் வேண்டும். கேரளத்துக் கொல்லம் மாவட்டத்துப் பரவூரிலுள்ள புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10ஆந் திகதி அதிகாலை, திருவிழா வாணவேடிக்கை நடந்துகொண்டிருக்கையில், வெடிகள் சேமித்து வைத்திருந்த கட்டிடத்தில் நெருப்பு வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பல நூற்றுவர் காயமுற்றனர். நமது முற்றத்திலே நடப்பது அதன் சிற்றுருவம். பிள்ளையின் சட்டைப்பையில் ஒரு கட்டு வெடி, கையில் கொளுத்திய ஒரு வெடி என்றால், சேமிப்பறையும் கொளுத்துமிடமும் ஒன்றாகிவிட்டன அல்லவா?

தீப்புண் பட்டால் உடனே அப்பகுதியை ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் பிடிக்க வேண்டும். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், இலைச்சாறு ஆகியன எதுவும் பூச வேண்டாம். அவை சூட்டை உள்ளே தங்க வைப்பதோடு வைத்தியர் புண்ணைப் பார்ப்பதற்கும் இடையூறாகும். வீக்கம் எழுமுன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றிவிடுக. விரல் துண்டாகிவிட்டால், கையைத் தூய துணியால் அழுத்திக் கட்டி உயர்த்திப் பிடிக்கவும். துண்டான விரலை நனைந்த தூய துணியிற் சுற்றிப் பொலித்தீன் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து எடுத்துச் செல்க. விரல் நேரே பனிக்கட்டியிற் படலாகாது. கண்ணிலே வெடித்துண்டு குத்தியிருந்தால் கசக்கவோ கழுவவோ பிடுங்கவோ வேண்டாம். அழுத்தாதபடி ஒரு கடதாசிக் கிண்ணத்தால் மூடி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவும்.

காட்டுப்பன்றிக்காக உணவுக்குள் வெடிமருந்து மறைத்து வைக்கும் வழக்கமும், கட்டுத்துவக்கு வைக்கும் வழக்கமும் சட்டவிரோதமானவை என்பதை எல்லோரும் அறிவர். விடுமுறை நாளில் பிள்ளைகள் சேனைக்கும் பற்றைக்கும் பழம் பறிக்கச் செல்வார்கள் என்பதைச் சிலர் மறந்துவிடுகின்றனர். பன்றியின் காலை எதிர்பார்த்துக் கட்டிய கயிறு, பிள்ளையின் காலை வேறுபடுத்தி அறியாது.

கை உழவு இயந்திரமும் பெட்டியும்

கோயிலுக்கும், உறவினர் வீட்டுக்கும், குளத்துக்கு நீராடவும் கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் குடும்பமாகச் செல்லுதல் நம்மூர் வழக்கம். பாரமேற்றவே அப்பெட்டி செய்யப்பட்டது, மனிதரை ஏற்றுவதற்கன்று. இதனைச் சொல்லியும் பலர் கேட்கமாட்டார்கள் என்பதை அறிவேன். ஆதலால், இயந்திரத்தின் இயல்பு ஒன்றை விளக்கமாகக் கூறுகின்றேன். நெடுங்காலம் ஓட்டியவர்களுள்ளும் இதனை அறியாதோர் உளர்.

இரு கைப்பிடிகளின் கீழும் திருப்புவதற்கான பிடி ஒவ்வொன்று உண்டு. சமதரையில் இடப்புறப் பிடியை அமுக்கினால், இடச் சில்லுக்குச் செல்லும் இயந்திர வலு அறுபடுகின்றது. வலச் சில்லு மட்டும் தள்ளுவதால் வண்டி இடப்புறம் திரும்புகின்றது. இனி, குளக்கட்டிலிருந்து பெட்டி நிறைய ஆட்களோடு சரிவில் இறங்குவதாகக் கொள்வோம். இப்போது வண்டியைச் செலுத்துவது இயந்திரம் அன்று. பின்னாலுள்ள பாரமே அதனைத் தள்ளுகின்றது. இயந்திரமோ சில்லுகளைப் பிடித்து வேகத்தை அடக்குகின்றது. இந்நிலையில் இடப்பிடியை அமுக்கினால் இடச் சில்லு அப்பிடிப்பிலிருந்து விடுபட்டு விரைந்து உருளும். வலச் சில்லு அடங்கியே செல்லும். எனவே வண்டி வலப்புறம் திரும்பும். இடப்பக்கம் திருப்ப நினைத்தவர் வலப்பக்கத்து வாய்க்காலில் வீழ்வது இவ்வாறுதான். தவறிவிட்டது என்று எண்ணி அவர் அப்பிடியை இன்னும் இறுக அமுக்குவார். வண்டி இன்னும் வேகமாகத் தவறான பக்கமே செல்லும்.

சரிவு தொடங்குமுன் வண்டியை நிறுத்தி, மிகக் குறைந்த கியரிற் போட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போது திருப்பும் பிடிகளைத் தொடாமல், கைப்பிடியை உடல் வலுவாற் தள்ளியே திருப்புங்கள். நடுவழியிற் கியர் மாற்றவோ முதன்மைக் கிளச்சை விடுவிக்கவோ வேண்டாம். அப்படிச் செய்தால் வண்டி கட்டுக்கடங்காமல் ஓடும். எல்லாவற்றினும் மேலாக, பெட்டியில் இருப்போர் யாவரும் இறங்கி நடந்து வரட்டும். ஐம்பது முழத் தூரம் நடப்பதால் புதுச்சேலையின் கரை சற்று அழுக்காகலாம், அவ்வளவே நட்டம். அச்சேலைத் தலைப்பு பட்டியிலோ சில்லிலோ சிக்காதவாறு இடுப்பிற் செருகிக்கொள்வதும் அவசியம். இரவிற் செல்வதாயின் பெட்டியின் பின்புறத்தே ஒளி தெறிக்கும் சிவப்புத் தகடு இருத்தல் வேண்டும்.

தூரப் பயணத்திலும் கவனம் வேண்டும். 2025 மே 11ஆந் திகதி, வெசாக் விடுமுறைக் காலத்தில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பேருந்து ஒன்று கொத்மலையைச் சேர்ந்த கெரண்டியெல்லவில் அதிகாலை வேளை பள்ளத்தில் வீழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். யாத்திரைக்கு வாடகை வாகனம் அமர்த்துவோர், சாரதி முன்னிரவு உறங்கினாரா என்று கேட்டறிவதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

கிணறும் வாய்க்காலும்

பண்டிகைக்கு முன் கிணறு இறைத்துச் சேறு அள்ளுவது நல்ல வழக்கம். நீர் ஆழத்தில் இருக்கும்போது, நீரிறைக்கும் இயந்திரத்தையே கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுவது கொடிய வழக்கம். மண்ணெண்ணெயாலோ பெற்றோலாலோ ஓடும் இயந்திரத்தின் புகையில் காபன் மொனொக்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. கிணற்றுக்குள் அது தங்கிவிடும். இறங்கியவர் தலைசுற்றி வீழ்வார்; அவரைத் தூக்க இறங்கும் தம்பியும், தம்பியைத் தூக்க இறங்கும் அயலவரும் அவ்வாறே வீழ்வர். இந்நாட்டில் ஒரே கிணற்றில் இருவர் மூவர் இறந்த செய்திகள் இவ்வாறு வந்தவையே. மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்த்தோம், அணையவில்லை என்று சிலர் கூறுவர். பிராணவாயு குறைந்திருப்பதை அச்சுடர் காட்டும். காபன் மொனொக்சைட்டைக் காட்டமாட்டாது. இயந்திரம் மேலேயே நிற்கட்டும். அது முடியாத ஆழமாயின், மின்சாரத்தில் ஓடும் நீர்மூழ்கிப் பம்பியை வாடகைக்கு எடுக்கவும்; அப்பம்பி ஓடும்போது ஒருவரும் கிணற்றுக்குள் நிற்கலாகாது. ஒருவர் உள்ளே வீழ்ந்துவிட்டால் வேறெவரும் இறங்காமல் உதவிக்கு அழைக்க வேண்டும். இறங்குபவரின் உடலிற் கயிறு கட்டியே இறக்கியிருந்தால் மேலே நின்றபடியே தூக்கலாம்.

மினிப்பே அணைக்கட்டிலிருந்து வரும் இடதுகரை வாய்க்காலையும் ஊர்க் குளங்களையும் நாம் தினமும் பார்க்கின்றோம். அதனாலேயே அச்சம் நீங்கிவிட்டது. நேற்று வற்றிக் கிடந்த வாய்க்காலில், சிறுபோகத்துக்கு நீர் திறந்த பின், இன்று ஆள் ஆழத்துக்கு நீர் ஓடக்கூடும். சீமெந்து பூசிய சரிவிலே பாசி படர்ந்திருந்தால் நீந்தத் தெரிந்தவரும் ஏறி வரமாட்டார். வெளியூரிலிருந்து வந்த இளைஞர் விருந்துண்டு மது அருந்தி நீராடச் செல்லும்போது, ஊரவர் ஒருவர் உடன் சென்று இடத்தைக் காட்டுவது விருந்தோம்பலின் ஒரு பகுதியாகும். அமிழ்பவரைக் கண்டால் குதிக்க வேண்டாம். மூங்கிலை நீட்டுக, கயிற்றை எறிக, மூடியிட்ட வெற்று நீர்க்கலனை எறிக.

துப்புரவும் சமையலும்

சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும். பிள்ளைகளை அகற்றிவிட்டு, நீரிலே சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுங்கள். சுண்ணாம்பின் மேல் நீரை ஊற்றாதீர்கள். கண்ணிற் தெறித்தால், இமையை விரித்துப் பிடித்து அரைமணி நேரம் இடைவிடாது நீரூற்றிக் கழுவிக்கொண்டே வைத்தியசாலைக்குச் செல்க. முற்கூறிய வெடித்துண்டுக் காயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற் கொள்க: சுண்ணாம்பாயின் கழுவுதல் வேண்டும், துண்டு குத்தினால் கழுவலாகாது.

வீடு ஒதுக்கும்போது கிருமிநாசினிப் போத்தல்கள் இடம் மாறுகின்றன. இந்நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பின் கொடிய நஞ்சுகள் பல விலக்கப்பட்டன. பராகுவாற்று, டைமெதோவேற்று, பெந்தியன் ஆகியன 2008 முதல் 2011 வரையான காலத்திற் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. எனினும், இன்று விற்கப்படுவன பால் போன்றவை என்று எவரும் எண்ணற்க. மருந்தைச் சோடாப் போத்தலிலோ சாராயப் போத்தலிலோ ஊற்றி வைப்பது எக்காலத்திலும் தவறு. விருந்தினர் நிறைந்த வீட்டில் அது கொலைக்குச் சமம். தவறிக் குடித்தவரை வாந்தியெடுக்கச் செய்யாமல், மருந்தின் பெயர்ச்சீட்டோடு வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பலகாரம் சுடும் தாச்சியில் எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றலாகாது. நீர் உடனே ஆவியாகி எரியும் எண்ணெயை முகத்தில் வாரியடிக்கும். அடுப்பை அணைத்துத் தகர மூடியால் மூடுக. முற்றத்திற் பால் பொங்க வைக்கும் இடத்தில், பட்டுப் பாவாடை உடுத்த சிறுமியர் காற்றுக்கு எதிர்ப்புறமாகவே நிற்கட்டும். அதாவது, தீச்சுடர் சாயும் பக்கத்தில் நிற்கலாகாது. மாட்டுப்பொங்கலில் மாட்டின் கயிற்றைக் கையிற் சுற்றிப் பிடிப்பதையும் விட்டுவிடுக. வெடியோசைக்கு வெருண்ட மாடு ஆளையும் இழுத்துச் செல்லும். ஊஞ்சற் கயிறு நெற்சூடு கட்டிய பழங்கயிறாய் இருத்தலாகாது.

மின்சாரமும் இரவும்

தமிழ்நாட்டில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் 2022 ஏப்ரல் 27ஆந் திகதி, அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியிற் பட்டு 11 பேர் இறந்தனர். நம்மூரிலும் பந்தலுக்கும் கொடிக்கும் நடும் மூங்கில், வழுக்குமரத்துக்கு நடும் பாக்குமரம் ஆகியவற்றின் உயரத்தை மேலேயுள்ள கம்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தே நட வேண்டும். மரம் சாய்ந்தாலும் கம்பியை எட்டாத தூரமே தக்க தூரம். வயலைக் காக்க வீட்டு மின்சாரத்தை வேலிக்கம்பியிற் பாய்ச்சியிருப்பவர், பண்டிகைக்காகவேனும் அதனைக் கழற்றுவார் என்று எதிர்பார்க்க மாட்டேன். இன்றே, என்றைக்குமாகக் கழற்ற வேண்டும் என்றே கூறுவேன்.

விருந்தினர் பலர் வந்தால் தரையிற் பாய் விரித்துப் படுக்கின்றோம். எட்டடி விரியன் என்றும் கட்டுவிரியன் என்றும் வழங்கும் பாம்பு இரவில் உலாவுவது. தரையில் உறங்குவோரையே பெரும்பாலும் கடிப்பது. கடி வலிப்பதில்லை, வீங்குவதுமில்லை. கடியுண்டவர் விழித்து வயிற்றுவலி என்பார். விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் இஞ்சித் தேநீர் கொடுப்பர். சிறிது நேரத்தில் இமைகள் தாழ்ந்து, விழுங்க இயலாமற் போய், மூச்சு அடங்கத் தொடங்கும். ஆகவே, தரையிற் படுத்தவர் நள்ளிரவில் வயிற்றுவலியோடு எழுந்தால், பாம்புக்கடியோ என்று ஐயுற்று உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. கட்டுப் போடுதல், கீறுதல், உறிஞ்சுதல் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைய விடாது பேணினாற் போதும். படுக்கும்போது நுளம்புவலையைப் பாயின் கீழே நன்றாகச் செருகிவிட்டால் பாம்பு அணுகாது. நெல் மூடைகளை உறங்கும் அறையில் அடுக்காதிருப்பதும் நன்று. நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும்.

யானைகளால் இந்நாட்டில் 2023ஆம் ஆண்டில் மட்டும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர் இறந்தனர். அதே ஆண்டில் இறந்த யானைகள் நானூற்றைம்பதுக்கு மேல். கைவிசேடம் பெற்று, உறவினர் வீட்டில் உண்டு குடித்து, இருட்டிய பின் குளக்கட்டு வழியே தனியே துவிச்சக்கர வண்டியில் வருவோரை நினைத்தே இதனை எழுதுகின்றேன். பொழுது சாயுமுன் புறப்படுக. இருட்டிவிட்டால் அங்கேயே தங்குக; தங்கச் சொல்லுவது வீட்டாரின் கடமை.

எவ்விபத்தாயினும் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால், 2016இல் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிவாக்கப்பட்ட இலவச அம்புலன்ஸ் வண்டி வரும். அழைப்பவர் பதற்றத்தில் ஊர்ப்பெயரை மட்டும் சொல்லி வைத்துவிடக் கூடாது. வில்கமுவவில் எந்தக் கிராமம், எந்தப் பாடசாலைக்கு அல்லது விகாரைக்கு அண்மையில், எந்த வாய்க்காற் பாலத்தைக் கடந்து வரவேண்டும் என்பவற்றைக் கூற வேண்டும். இவற்றை இப்போதே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். விருந்துக்கு வந்தவரும் அதைப் பார்த்து வாசிக்கலாம். இரவாயின், வண்டி வரும்வரை இருவரை மின்சூளோடு பிரதான வீதிக்கு அனுப்பி நிறுத்துக. யானைக்காட்டு ஊராதலால் ஒருவரைத் தனியே அனுப்ப வேண்டாம்.